காப்புக் கட்டிய சைக்கிள்

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஊஞ்சக்காட்டூர் மாரியம்மன் கோயிலில் வீட்டுக்கு ஓர் ஆளாக மணிக்கட்டை நீட்டி ஊரே காப்புக் கட்டிக்கொண்டிருந்த அதே பொழுதில், விசைத்தறிக்காரர் செங்கோடன் மகள் ஞானேஸ்வரி தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து தன் ரேஸ் சைக்கிளின் ஹேண்டில்பாருக்குப் புது டேப் சுற்றி முடித்தாள். மறுநாள் காலையிலிருந்து அந்தச் சைக்கிள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அதில் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. காப்புக் கட்டினவர் பதினைந்து நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், மனுசருக்கு ஒரு நியாயம் சைக்கிளுக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எரிச்சல் மொத்தமும் ஞானேஸ்வரிக்குத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலம் பைபாஸில் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சைக்கிள் தேர்வு; இருபது கிலோமீட்டர், ஒவ்வொருவராக விடுவார்கள், கடிகாரம்தான் எதிராளி, பெண்களுக்கு இருப்பது ஒரே ஓர் இடம். அடுத்த வருசம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆறு வருசமாக வெயில் ஏறுவதற்குள் அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, அதற்குப் பிறகு தறிக்கூடத்தில் நின்று, காதுக்குள் நாள் முழுக்கத் தறி அடிக்க அடிக்க அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊரை விட்டுப் போக வேண்டும், தன் பேரில் ஒரு வேலையோடு போக வேண்டும். அந்த நினைப்பு முழுவதும் இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அவள் கேட்டது கறுப்பு டேப். பழைய டேப் வேர்வையைக் குடித்துக் குடித்துப் பிசுபிசுத்து, பிறகு வழவழத்து, அழுத்திப் பிடித்தால் கை நழுவும் நிலைக்கு வந்திருந்தது. வேகத்தில் கை நழுவினால் பல் மிஞ்சாது. பார்சலைப் பிரித்தால் உள்ளே மஞ்சள். மாற்றிக் கேட்டால் பத்து நாளாகும் என்று பதில் வந்தது. சரி, கலரா வந்து பெடல் மிதிக்கப்போகிறது என்று சுற்ற உட்கார்ந்தாள். கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும் ஹேண்டில்பாரின் நுனியில் ஆரம்பித்து, முந்தின சுற்றில் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, இழுத்து, ஆனால் அறுந்துவிடாமல் இழுத்து, பிரேக் பிடியின் ரப்பரை மடக்கி அதற்கடியில் ஒரு சுற்று விட்டு மேலேறி, நடுவில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். இடப்பக்கம் தொடங்கும்போது கோயிலில் தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள், வலப்பக்கம் முடியும்போது குலவை கேட்டது. முனை பிரியாமலிருக்க ஓர் ஒட்டுப்பட்டை கொடுத்திருந்தார்கள், அதுவும் ஒட்டவில்லை.

"அப்பா, கட்டறதுக்கு ஏதாச்சும் நூல் குடுங்க" என்று திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

கோயில் காப்புக்கு வருசா வருசம் நூல் கொடுப்பது செங்கோடன் வீடுதான். மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டதில் மிச்சம் இரண்டு முழம், காப்புக் கட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவர் தோளில் கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு பக்கமும் மூன்று மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினாள். நடந்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை எல்லைக்கல் வரைக்கும் சைக்கிள் நன்றாகத்தான் போனது. சாலையோரம் இடுப்புயரத்துக்கு நிற்கிற, சூலம் செதுக்கிய கருங்கல் அது. அதற்கு நேராக வந்ததும் முன்சக்கரம் நின்றது. பிரேக் பிடித்த மாதிரியும் இல்லை, காற்று இறங்கின மாதிரியும் இல்லை, இவ்வளவுதான் என்று நின்றது. இறங்கித் தள்ளினாள், இழுத்தாள், தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் போனாள், சைக்கிள் இந்தப் பக்கமே இருந்தது. தறிக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு வந்த மினி லாரியை நிறுத்தி அதில் ஏற்றிப் பார்த்தாள். லாரி எல்லையைத் தாண்டிப் போனது, போன லாரிக்குப் பின்னால் சைக்கிள் மட்டும் கல்லுக்கு நேராகச் சாலையில், சாய்த்துவைக்க எதுவும் இல்லாமல், நேராக நின்றுகொண்டிருந்தது. பால் கேனோடு அந்தப் பக்கம் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, மஞ்சள் டேப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "காப்புக் கட்டியிருக்குதுங்களா, அப்ப எப்படி வரும்?" என்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். செங்கோடன் தறியை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார், சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், முடிச்சைப் பார்த்தார், அது தன் நூல் என்பதையும் பார்த்தார்.

"பாக்கலாங் கண்ணு" என்றார்.

செங்கோடனுக்குப் பேச்சு என்பதே அந்த ஒரு வார்த்தைதான். கூரை ஒழுகினாலும் பாக்கலாம், பெண் கேட்டு வந்தாலும் பாக்கலாம், தறி எரிந்தாலும் பாக்கலாம். இருபத்து நாலு வருசத்தில் அவர் அப்படிச் சொல்லி எதைப் பார்த்தார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவரை நம்பிப் பயனில்லை என்று கோச் தனசேகருக்குப் போன் போட்டாள்.

"சைக்கிளுக்குக் காப்பா? செயின்ல ஏதாவது மாட்டியிருக்கும், நல்லாப் பாரும்மா" என்றார் கோச். அவள் மினி லாரிக் கதையைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது. "எங்க அம்மா ஊர்லயும் அப்படித்தான், ரொம்பக் கண்டிப்பு. சரி, நீ மட்டும் கிளம்பி வா, நான் வேற சைக்கிள் தரேன்."

"உங்ககிட்ட இருக்கறது எல்லாம் ஆறடிப் பசங்க சைக்கிள் சார். எனக்குப் பெடலே எட்டாது."

"அதுவும் சரிதான்" என்றார் கோச். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் அந்தச் சைக்கிளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. காப்புக் கட்டின மற்றவர்களுக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் அதற்கும் உண்டு என்று முடிவாயிற்று, யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் யாருமில்லை. காலையில் பெண்கள் வரிசையாக வந்து அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள், அந்தத் தண்ணீர் செயினிலும் பற்சக்கரத்திலும் இறங்கிச் சிவப்பாகத் துருப்பிடித்தது. துருப்பிடிக்கிறதே என்று அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்தால், காப்புக் கட்டினவருக்கு எண்ணெய் ஆகாது என்று புட்டியைப் பிடுங்கி வைத்தார்கள். கம்பிகளுக்கு நடுவில் வேப்பிலை செருகினார்கள். தண்ணீர்ப் புட்டியில் கூழ் ஊற்றினார்கள். செருப்புப் போடக் கூடாதே, பெடலில் மாட்டுகிற ஷூ செருப்பில் சேருமா சேராதா என்று டீக்கடையில் அரை நாள் பேசி, ஷூவையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்துவிட்டால் குற்றமில்லை என்று தீர்த்து, அவள் ஷூவை அவளைக் கேட்காமலே நனைத்துவிட்டார்கள். எதிர் வீட்டில் கோழிக்குழம்பு வைத்தவர்கள் சைக்கிள் இருக்கிற திசைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். இத்தனை கரிசனத்தில் ஒருவருக்காவது ஞாயிற்றுக்கிழமை அது எப்படிச் சேலம் போய்ச் சேரும் என்ற யோசனை வந்ததா என்றால், இல்லை.

வியாழக்கிழமை அவள் பொறுமை தீர்ந்தது. முடிச்சை அறுத்து, டேப்பை இரண்டு பக்கமும் உருவி, மொட்டை ஹேண்டில்பாரோடு எல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சைக்கிள் அதே இடத்தில் நின்றது. பூசாரி அர்த்தநாரி அங்கேதான் கல்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, கவுறு அறுந்தாலும் காப்பு காப்புத்தான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். "போன வருசம் எனக்கே குளிக்கையில அறுந்துபோச்சு. அதுக்காவ நான் ஈரோடு போயிட்டனா? அவுக்கறது ஆத்தா கையில இருக்குது, உன்ற கையில இல்ல. போயி மறுக்காச் சுத்திரு, வெறுங்கையோட நிக்கறது பாக்கறதுக்கு நல்லா இல்ல."

அவள் வீட்டுக்கு வந்து மறுபடியும் சுற்றினாள். ஒரு தடவை இழுத்துச் சுற்றின டேப்பை மறுபடி சுற்றினால் அது நீண்டு மெலிந்திருக்கும், அடியில் பசை போயிருக்கும், வளைவில் சுருங்கும். பாதி சுற்றியதும் பிடிக்காமல் பிரித்தாள். மூன்றாவது தடவை சுற்றும்போது கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம். செங்கோடன் பக்கத்தில் வந்து நின்று நூலை நீட்டினார். அவள் அதை வெடுக்கென்று வாங்கி முடிச்சுப் போட்டாள், அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். சைக்கிளைப் பற்றி இல்லை, பந்தல் பற்றி. ஆனால் அவள் நடுவில் போய் நின்றாள். தர்மகர்த்தா அங்கமுத்து அவளுக்குப் பெரியப்பா முறை, நல்ல மனிதர், எதையும் நிதானமாகக் கேட்பார், கேட்டு முடிப்பதற்குள் எதிராளிக்கு நரைத்துவிடும்.

"பெரியப்பா, எனக்கு நாளன்னிக்குத் தேர்வு. அது தவறிப்போச்சுன்னா எனக்கு வேற வழியே கெடையாது. சைக்கிளுக்கு மட்டும் காப்ப அவுத்து விடுங்க."

"நடுவால அவுக்கற பழக்கம் இல்லையேம்மா. அதுவும் இல்லாம உங்க வீட்ல உங்கப்பனுக்கு ஒண்ணு, சைக்கிளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பு ஆயிப்போச்சு. அதையே என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறோம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். தூண் ஓரத்தில் நின்றிருந்த செங்கோடன் வாயைத் திறந்தார், அவர் சொல்லப்போவது என்னவென்று தெரிந்து அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க" என்றாள், குரல் உயர்ந்து. "அந்தக் கல்லப் புடுங்கி லாரியில போட்டுக்கிட்டு எனக்கு முன்னால போங்க. கல்லு எங்க இருக்குதோ அதுதான எல்லை. நானும் என்ற சைக்கிளும் பின்னாலயே வந்துக்கறோம். ஊரையே தூக்கிக்கிட்டு சேலத்துக்கு வாங்க."

நக்கலாகத்தான் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், தானும் கத்தலாம் என்று காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. அங்கமுத்து காதைச் சொறிந்தார்.

"ஏனுங்க பூசாரி, செய்யலாமுங்களா?"

"பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க" என்றார் அர்த்தநாரி. சிவப்பு அரளி ஒன்றையும் வெள்ளை அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வெள்ளை என்றால் சம்மதம். அம்மனுக்கும் அலுத்துப்போயிருக்கும் என்று ஞானேஸ்வரி நினைத்துக்கொண்டாள், பிறகு இதைப் புதன்கிழமையே செய்திருந்தால் மூன்று நாள் பயிற்சி போயிருக்காதே என்று அதற்கும் எரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆறு பேர் மூங்கில் கழி கொடுத்துக் கல்லைப் பெயர்த்து மினி லாரியில் ஏற்றினார்கள். முதலில் சைக்கிளை முன்னால் வைத்துக் கல்லைப் பின்னால் வைத்ததில், லாரி கிளம்பியதும் சைக்கிள் பழையபடி சாலையில் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து, கல்லை முன்பக்கத் தகரத்தோடு ஒட்டி வைத்துச் சைக்கிளை அதன் பின்னால் நிறுத்தினார்கள். காப்புக் கட்டின பூசாரி, தர்மகர்த்தா, செங்கோடன், அந்த ஆறு பேர் எல்லோரும் கல்லுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்து, கால நீட்டாத, கல்லத் தாண்டுது என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டே வந்தார்கள். ஓட்டுநர் குமாரபாளையத்துக்காரர், அவருக்குக் காப்பு இல்லாததால் அவர் முன்னால் இருக்கலாம் என்று அதற்கும் பேசி முடித்திருந்தார்கள். லாரி போகப் போக ஊஞ்சக்காட்டூர் நீண்டுகொண்டே போனது. கரும்புக் காடும், செங்கல் சூளையும், சுங்கச்சாவடியும், ஒரு கல்யாண மண்டபமும், அதிலிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஊஞ்சக்காட்டூரில் சேர்ந்தார்கள், பூசாரி எல்லோருக்கும் ஓடுகிற லாரியிலிருந்தே வேப்பிலைத் தண்ணீர் தெளித்தார். சாலையோரப் பிரியாணிக் கடை ஒன்றில் அன்று அடுப்பே பற்றவில்லை. கடைக்காரர் லாரியைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார், புரிந்துகொண்டு லெமன் சாதத்துக்கு அரிசி களைந்தார்.

புறப்படும் இடத்தில் அவளையும் சைக்கிளையும் இறக்கிவிட்டார்கள். "லாரிய முடியற எடத்துக்குக் கொண்டுபோயி, கல்லக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கணும்" என்று அவள் மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கிளம்பினாள். துருப்பிடித்த செயின் கத்தியது, மெலிந்த டேப் வழியாக ஹேண்டில்பாரின் இரும்புச் சில்லிப்பு உள்ளங்கையில் ஏறியது, ஆனால் கை நழுவவில்லை. மூன்று தடவை சுற்றின ஆத்திரம் அதில் இறுகியிருந்தது. அவள் ஆத்திரத்தையே மிதித்தாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினவர்களை மிதித்தாள், எண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கினவர்களை மிதித்தாள், டீக்கடையை மிதித்தாள், பாக்கலாம் என்ற வார்த்தையை அதிகம் மிதித்தாள். பத்தாவது கிலோமீட்டரில் முன்னால் விட்ட பெண்ணைத் தாண்டினாள், பதினாறில் இன்னொருத்தியை. ஏற்காட்டு மலை எதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவள் ஓட்டியதில்லை.

கடைசி நேர்சாலைக்குத் திரும்பியபோது பார்த்தாள். சாலைக்குக் குறுக்கே பெரிய ஃபிளெக்ஸ் வளைவு ஒன்று வைத்திருந்தார்கள். ஊஞ்சக்காட்டூரில் திருவிழா வளைவு எப்போதும் எல்லைக்கல்லுக்கு மேலேதான் நிற்கும். வளைவைப் பார்த்ததும் இதுதான் எல்லை என்று அந்த ஆறு பேருக்கும் சந்தேகமே வந்திருக்காது. சரியாக வளைவுக்குக் கீழே, ஓரத்தில், சந்தனப் பொட்டும் பூவும் வைத்துக் கல்லை நிறுத்தி, மேலே கற்பூரமும் ஏற்றியிருந்தார்கள். வெள்ளைக் கோடு அதற்கு இருபது தப்படி அந்தப் பக்கம் கிடந்தது.

ஆறு பேரும் மூங்கில் கழிகளோடு கல்லுக்கு இந்தப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குப் பக்கத்தில் அப்பா மட்டும் நின்றிருந்தார்.

"அப்பா, கோடு" என்று கத்தினாள். "கல்லு கோட்டுக்கு அந்தப் பக்கம் போகோணும்."

செங்கோடன் கோட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், வருகிற மகளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. இந்த நேரத்திலுமா என்று அவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே அவர் குந்தி உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் அணைத்து, எழுந்தார்.

ஆறு பேர் தூக்கின கல். கற்பூரம் எரிந்துகொண்டிருக்க அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு செங்கோடன் ஓடினார். வேட்டி அவிழ்ந்து, அதை விட்டுவிட்டு டிராயரோடு ஓடினார். ரயில்வே அதிகாரிகள் பார்க்க, விசில்காரர் விசில் ஊத மறந்து பார்க்க ஓடினார். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைக்கத் தோன்றவும் இல்லை. அவர் குதிகாலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. "ஓடுங்கப்பா, ஓடுங்க" என்று அவள் தொண்டை கிழியக் கத்தியது எதிர்ப்பக்கப் பெட்ரோல் பங்க் வரைக்கும் கேட்டது. முதலில் கல் கோட்டைத் தாண்டியது, அடுத்து அப்பா, அடுத்து சைக்கிள்.

இரண்டாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் வித்தியாசம் மூன்று நொடி. போட்டியாளருக்கு முன்னால் வாகனம் போகக் கூடாது என்று விதி இருந்தது. கல் சுமந்துகொண்டு தகப்பன் ஓடக் கூடாது என்று இல்லை. அதிகாரிகள் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

கோட்டைத் தாண்டிப் பத்துத் தப்படியில் செங்கோடனுக்கு மூச்சு முடிந்தது, கல்லை அங்கேயே இறக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு ஆறு பேரும் கழி கொடுத்துப் பார்த்தார்கள், கல் அசையவில்லை. பக்கத்தில் பாலம் கட்டுகிறவர்களின் கிரேன் வந்தது, அதற்கும் அசையவில்லை. சரி, ஆத்தாளுக்கு இந்த இடம் பிடித்துப்போயிற்று என்று பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், எல்லோரும் லாரி ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். ஊருக்குத் திரும்பினார்கள் என்று சொல்வது பேச்சுக்குத்தான், ஏனென்றால் அவர்கள் ஊரை விட்டுப் போகவே இல்லை.

பதினைந்தாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். பூசாரி வரிசையாக வந்து, கடைசியில் சைக்கிளுக்கும் முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் டேப்பை அவளே உருவிக் கோயில் கிணற்றில் போட்டாள். மறுபடி கேட்டிருந்த கறுப்பு டேப் முந்தின நாள்தான் வந்து சேர்ந்திருந்தது. அன்று மதியம் அவள் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வேலை உத்தரவும் வந்தது. உத்தரவு வந்ததைக் கேட்டு அங்கமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆபீஸு எங்கம்மா?"

"சேலத்துல பெரியப்பா. ஜங்சன் பக்கத்துல."

அங்கமுத்து கண்ணை மூடி வழியை யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"கல்லு ஏற்காட்டு மலை அடிவாரத்துல இருக்குது. ஜங்சன் அதுக்கு இந்தப் பக்கந்தான? அப்ப நம்மூர்லயே வேலை கெடச்சிருச்சு. ரொம்பச் சந்தோசம். அடுத்த வருசம் காப்புக்கு லீவு கூடப் போட வேண்டியதில்ல."

அவள் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். ஆறு வருசம், அறுபது அறுபது கிலோமீட்டராக, இந்த ஊரை விட்டுப் போக. அவளுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. தறிக்கூடத்துக்குள் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கல்லைத் தூக்கின அன்றிலிருந்து அவரால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, இடது கையால்தான் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்கே என்னை டெல்லிக்கு மாத்தறாங்கன்னு வைங்க. அப்ப என்ன பண்ணுவீங்க?"

செங்கோடன் தறியை நிறுத்தினார். இடது கையால் வலது தோளைத் தடவிக்கொண்டு, டெல்லி எவ்வளவு தூரம் இருக்கும் என்று யோசிப்பவர் போலக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.

"பாக்கலாங் கண்ணு" என்றார்.